டீசல் சிக்கனச் செம்மல்

மூன்று நாள் பயிற்சி முகாமுக்குக் கோயம்புத்தூர் போன லாரி முதலாளி செல்வக்குமார், இரண்டு சாமான்களோடு திரும்பி வந்தார். ஒன்று, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு டாக்டர் பட்டம். இன்னொன்று, மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.

பட்டத்தால் யாருக்கும் சேதாரமில்லை. பெயிண்டருக்கு இருபத்தேழு லாரிக் கதவுகளில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான். ஐம்பத்தைந்துதான் டிரைவர் சிவனாண்டியின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியிருக்கும் லாரி யார்டில் டிரைவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, டாக்டர் செல்வக்குமார் ஒரு மணி நேரம் பேசினார். "எண்பதுல போனா வண்டி காத்தோட மல்லுக்கட்டுது. அம்பத்தஞ்சுல போனா காத்து தானா வழி விடுது. மல்லுக்கட்டுக்கு ஆகுற டீசல் மிச்சம். டயர் மிச்சம். உங்க உசுரும் மிச்சம். இனிமே ஒருத்தரும் அம்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது. இது எனக்காக இல்ல. நாட்டுக்காக."

சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் டீக்கடையில் வைத்துக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம்.

சிவனாண்டி இருபத்துநான்கு வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவன். மதுரையிலிருந்து மும்பைக்குத் தென்னை நார்க்கட்டு ஏற்றிப்போய், அங்கிருந்து கிடைக்கும் சரக்கோடு திரும்பினால் அது ஒரு நடை. நடைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு சம்பளம். வழிச்சாப்பாட்டுக்குப் பேட்டா தனி. மாதத்துக்கு நாலு நடை அடிப்பான். மூன்று நடைச் சம்பளம் வீட்டுக்கு. நாலாவது நடை மகள் பாண்டீஸ்வரிக்கு. அவள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். நாலாவது நடை ஓடினால் அவள் ஹாஸ்டலில் இருப்பாள், ஓடாவிட்டால் வீட்டில் இருப்பாள். சிவனாண்டியின் பொருளாதாரம் அம்புட்டுதான். அதற்கு டாக்டர் பட்டம் தேவைப்படவில்லை.

ஐம்பத்தைந்தில் போனால் மாதத்துக்கு மூன்று நடைக்கு மேல் முடியாது. அதே முப்பது நாள், அதே முதுகுவலி, ஒரு நடைச் சம்பளம் காலி.

முதலாளிக்கு நஷ்டமில்லையா என்றால், இல்லை. போன வருஷம் லாரி உரிமையாளர் சங்கத்துப் போட்டியாளர் ஒருவர் இருபத்தாறு வண்டி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும், இருபது வைத்திருந்த செல்வக்குமார் ஏழு வண்டி புதிதாக வாங்கிவிட்டார். வண்டி வந்தது, லோடு வரவில்லை. இருபது வண்டி நாலு நடையில் இழுத்த சரக்கை இப்போது இருபத்தேழு வண்டி மூன்று நடையில் இழுக்கின்றன. வாடகை குறையவில்லை, டீசல் குறைந்தது. குறைந்தது எல்லாம் அவர் பைக்கு. மெதுவாகப் போனது எல்லாம் இவன் தலைக்கு.

இதை மனைவி செல்லத்தாயிடம் சொல்ல வாயெடுத்தபோது அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பாதி கேட்டதுமே மிஷினை நிறுத்திவிட்டாள்.

"இம்புட்டுதானா? மெதுவாத் தைச்சா நூல் அறாது, ஊசி உடையாது, நூல் மிச்சம்னு கடைக்காரன் சொன்னா நானும் தைப்பேன். ஆனா பீஸ் கொறையுதுல்ல? அந்த மிச்ச நூல்ல எனக்கு என்னடான்னு கேப்பேனா மாட்டேனா?"

"கேப்ப."

"அப்ப நீயும் கேளுய்யா. பாதி கேளு. காலுக்குக் கீழ எறங்காத."

"காலா?"

செல்லத்தாய் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். ஒரு நடைக்கு நூற்று இருபத்தைந்து லிட்டர் மிச்சம். மூன்று நடைக்கு முந்நூற்று எழுபத்தைந்து. அதில் கால் பங்கு வந்தாலே நாலாவது நடைச் சம்பளத்தைத் தொட்டு, ஆயிரத்துச் சொச்சம் மேலே நின்றது. "ரெண்டு மாசம் இந்த மிஷின் தாக்குப்பிடிக்கும். மூணாவது மாசத்துக்கு என் தோடு. அதுக்கப்புறம் புள்ளய பெட்டியோட கூட்டிட்டு வந்துர வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

சிவனாண்டி ஆபீசுக்குப் போனான். முதலாளியின் நாற்காலிக்கு மேலே, பாண்டி முனி படத்துக்கும் டாக்டர் பட்டத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்ட விதி ஒன்று பன்னிரண்டு வருஷமாகத் தொங்குகிறது. "நிர்ணயித்த மைலேஜ் லிட்டருக்கு மூன்றே முக்கால். குறையும் டீசலுக்கு ஓட்டுநரே பொறுப்பு." ஒவ்வொரு நடை முடிந்ததும் டேங்கை விளிம்புவரை நிரப்பிப் பார்ப்பார்கள். நிர்ணயத்துக்கு மேல் குடித்திருந்தால் அந்த டீசலுக்கான காசு சம்பளத்தில் போகும். ஹூப்ளி நெரிசலில் மாட்டினாலும் போகும், மழையில் நின்றாலும் போகும். சட்டத்துக்குத் தினமும் ஊதுவத்தி காட்டுவதால் அது கிட்டத்தட்ட சாமி.

"மொதலாளி, இப்ப நாலரை வருது. கூடுன டீசல்ல எங்களுக்கு ஒரு பங்கு..."

செல்வக்குமார் முகாமில் கற்றுக்கொண்ட புன்னகையைச் சிந்தினார். "சிவனாண்டி, பெருசா யோசி. எல்லையில பனியில நிக்கிறவன் பங்கு கேக்குறானா?"

"அவருக்கு மாசச் சம்பளம் மொதலாளி. எனக்கு நடைச் சம்பளம்."

புன்னகை அதற்கு மேல் பயிற்சி பெற்றிருக்கவில்லை. "வெளிய போ."

அன்று மாலையே நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மூன்று மாதம் ஐம்பத்தைந்தைத் தாண்டாமல் அதிக டீசல் மிச்சப்படுத்தும் டிரைவருக்கு விழா எடுத்து, 'டீசல் சிக்கனச் செம்மல்' என்ற பட்டம். பொன்னாடை, சான்றிதழ், சுவர்க்கடிகாரம். கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது: விருதாளர் இரண்டு நிமிடம் ஏற்புரை வழங்குவார்.

மற்றவர்கள் கடிகாரம் வரைக்கும் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். சிவனாண்டி கடைசி வரியை மூன்று தடவை படித்தான். ஆபீசில் கேட்டால் வெளியே போ என்பார். ஊர்க்காரர்கள், பத்திரிகைக்காரர், மாலை போட்ட பெரிய மனிதர் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது மைக்கில் கேட்டால்? இரண்டு நிமிடம் போதும். கேள்வி ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவன் கால் ஆக்சிலேட்டரில் இரவல் கால்போல உட்கார்ந்தது. சேலம், பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், எங்கும் ஐம்பத்தைந்து. டிராக்டர்கள் தவிர எல்லாம் அவனைத் தாண்டின. கல்யாண வேன்கள் தாண்டின, வைக்கோல் வண்டி ஒன்று தாண்டியது. அவனோடு இருபது வருஷமாக ஓட்டும் பக்கீர் முகமது ஒருமுறை பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"மாப்ள! பின்னால ஒரு சைக்கிள்காரரு ரொம்ப நேரமா பெல் அடிக்கிறாரு. பாவம், வழி விடு!"

"போங்க பாய்."

"செம்மலுக்கு ஆசையா? அதுக்கு இம்புட்டு ஜால்ராவா? தூத்தேறி!"

ஜால்ரா என்ற பெயர் யார்டு முழுக்கப் பரவியது. சிவனாண்டி கோலாப்பூருக்கும் ஹூப்ளிக்கும் நடுவில் ஆள் இல்லாத கேபினில் ஏற்புரையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். முதலில் ஒன்பது நிமிடம் வந்தது. மூன்றாவது மாதத்தில் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

வண்டி ஐம்பத்தைந்தைத் தாண்டினால் யார்டில் மணி அடிக்கும். டயர் குடோனின் ஒரு மூலையைத் தடுத்து, குளிர்சாதனப் பெட்டி மாட்டி, 'கன்ட்ரோல் ரூம்' என்று எழுதி, அதில் ஆஷிகா என்ற பெண்ணைக் கணினி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மணி அடித்தால் அவள் டிரைவருக்குப் போன் போட்டு ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: "ஸ்லோ டவுன் சார், சேவ் த நேஷன்." நாளுக்கு இருநூறு தடவை தேசத்தைக் காப்பாற்றிய அவளுக்குச் சம்பளம் ஒன்பதாயிரம். மூன்று மாதத்தில் சிவனாண்டிக்கு மட்டும் ஒரு போன்கூடப் போகவில்லை. கடைசியில் அவளே பயந்துபோய்க் கூப்பிட்டாள். "அண்ணே, நல்லா இருக்கீங்கள்ல? சிஸ்டம் செத்துப்போச்சோன்னு நெனச்சேன்."

"இருக்கேன் தாயி. நான் மிச்சம் பிடிச்ச மொத்த லிட்டரு உன் கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

"துளி விடாம இருக்கும்ணே."

"விழா அன்னைக்கு எனக்கு அனுப்பி விடு."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யார்டிலேயே நடந்தது. சாமியானா, நூறு நாற்காலி, ஆளுயர பிளெக்ஸ். அதில் செல்வக்குமார் ஒரு லாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். ஒற்றை வாசலை நோக்கிப் பதினோரு லாரிகள், கொட்டாம்பட்டிக்கு நார்க்கட்டு ஏற்றப் போவதற்காக வரிசையாக நின்றன. விழா முடிந்ததும் கொடியசைத்து, அவற்றையே 'சிக்கனப் பேரணி' ஆக்கிவிடுவதாக ஏற்பாடு. செம்மல் வண்டி முதலில். அதன் பின்னால் பக்கீர் முகமது.

சிறப்பு விருந்தினர் மருது, எரிபொருள் சேமிப்பு விழிப்புணர்வுப் பேரவை என்ற ஒன்றின் நிறுவனத் தலைவர். உறுப்பினர்கள் யார் என்று கேட்டால் கோபப்படுவார். வெள்ளைக் காரில் வந்து இறங்கியவர், "ஏசியை ஓட விடுப்பா, திரும்பி வாரப்ப உள்ள கொதிக்கும்," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மேடையேறினார். கார் சாமியானாவுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே நின்றது. துளி டீசல் துளி ரத்தம் என்று அவர் ஐம்பது நிமிடம் பேசினார். கார் ஐம்பது நிமிடமும் உறுமியது. அதன் பின் செல்வக்குமார் நாற்பது நிமிடம். அதன் பின் மருதுவைப் பாராட்டி ஒருவர். பிறகு அந்தப் பாராட்டுக்கு நன்றி தெரிவித்து மறுபடி மருது.

சிவனாண்டியைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை விழுந்தது. சான்றிதழ், கடிகாரம், போட்டோ, "கொஞ்சம் சிரிங்க". அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் பக்கம் ஒரு எட்டு வைத்தான். தொகுப்பாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நேரமின்மை காரணமாக ஏற்புரை தவிர்க்கப்படுகிறது. அடுத்ததாகக் கொடியசைப்பு!"

மூன்று மாதம். ஒன்பது நடை. இருபத்தையாயிரம் கிலோமீட்டர், வைக்கோல் வண்டிக்கு வழிவிட்டு. சிவனாண்டி கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். அவன் மனத்தில் கோபம் வரவில்லை. செல்லத்தாயின் காது வந்தது. போன வாரம் அவள் தோடு இல்லாமல், வேப்பங்குச்சி செருகிக்கொண்டு நின்ற காது. அடுத்த மாதத்துக்குக் கழற்ற அந்த வீட்டில் வேறு ஒன்றுமில்லை.

லாரியில் ஏறி உட்கார்ந்தான். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வாசலுக்குச் சரியாக நடுவில், இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்தினான். மருது பச்சைக் கொடியை அசைத்தார். பட்டாசு வெடித்தது. தவில்காரர் ஓங்கி அடித்தார். சிவனாண்டி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

மருது மறுபடி அசைத்தார். ஒருவேளை தெரியவில்லையோ என்று இரண்டு கையாலும் அசைத்தார்.

செல்வக்குமார் ஓடி வந்தார். "ஏய், என்னாச்சு? பேட்டரியா?"

"இல்ல மொதலாளி. மைலேஜு."

"என்னது?"

"எண்பதுல போனா செலவு. அம்பத்தஞ்சுல போனா மிச்சம். யோசிச்சுப் பாத்தேன், நிப்பாட்டிட்டா முழுசும் மிச்சம். செம்மல் பட்டம் வாங்கிட்டு டீசல் எரிக்க மனசு வரல."

பின்னால் பக்கீர் முகமது ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார். மூன்று மாதமாக அவன் ஏன் சைக்கிளுக்கு வழிவிட்டான் என்பது அந்த வினாடிதான் அவருக்கு உறைத்தது. "அட என் சிங்கமே," என்று முனகிவிட்டுத் தன் சாவியைத் திருப்பினார். மூன்றாவது வண்டி அணைந்தது. நாலாவது, ஐந்தாவது. பதினொன்றும் அடங்கிய பிறகு அந்த யார்டில் கேட்ட ஒரே சத்தம் மருதுவின் கார்தான். எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் டிரைவர் கூச்சப்பட்டு அதையும் அணைத்தார்.

"வழிய விட்டு எடு!" என்றார் செல்வக்குமார். "வேலையில இருந்து தூக்கிருவேன்!"

"தூக்குங்க மொதலாளி. பிளெக்ஸ்ல லாரியையே தூக்குறீங்க, என்னையத் தூக்க முடியாதா? அதுக்கு முன்னாடி என் ரெண்டு நிமிசம் பாக்கி இருக்கு. நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க."

அப்போது சிவனாண்டியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஆஷிகாவின் குரல். "அண்ணே, வண்டி பத்து நிமிசமா அனுமதி இல்லாம நிக்குதுன்னு சிஸ்டம் கத்துது. முந்நூறு ரூவா ஃபைன் போடுது. நான் போடல, அதுவே போடுது. கேட்டதை அனுப்பிட்டேன். பாத்துக்கங்க."

மருதுவுக்குப் பன்னிரண்டரைக்குத் திருமங்கலத்தில் இன்னொரு பொன்னாடை இருந்தது. கார் உள்ளே, வாசல் ஒன்று, வாசலில் செம்மல். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்டர், ரெண்டு நிமிசந்தானே? பேசவிட்டுருங்க."

மைக் வந்தது. லாரிப் படிக்கட்டில் நின்றபடி சிவனாண்டி அதைப் பிடித்தான். கோலாப்பூரில் மனப்பாடம் செய்த ஒன்றே முக்கால் நிமிடத்தில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. போனை மட்டும் பார்த்தான்.

"வணக்கம். மூணு மாசத்துல நான் மிச்சம் பிடிச்சது ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சு லிட்டரு. கம்பெனி கம்ப்யூட்டர் சொல்லுது. எனக்குக் கொறஞ்சது மூணு நடைச் சம்பளம். பாய், அந்த ஆபீஸ்ல தொங்குறத எடுத்தாங்க."

பக்கீர் முகமது அதற்குள் ஆபீசுக்குள் போயிருந்தார். விதியைச் சட்டத்தோடு, ஊதுவத்திச் சாம்பலோடு தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்துக்குக் காட்டினார்.

"கொறையும் டீசலுக்கு ஓட்டுநரே பொறுப்புன்னு இதுல இருக்கு. சரி. பன்னெண்டு வருசமாப் பிடிச்சீங்க, குடுத்தோம். கொறஞ்சா நாங்க பொறுப்புன்னா, கூடுனா யாரு பொறுப்பு? இதான் கேள்வி. ரெண்டு நிமிசம் ஆகல, மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க."

யாரும் கைதட்டவில்லை. அதுதான் செல்வக்குமாரைக் கலங்கடித்தது. நூறு பேர் அவர் முகத்தையே பார்த்தார்கள். பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார். காலையிலிருந்து அவர் அதைத் திறப்பது அதுவே முதல் தடவை.

"எம்புட்டு கேக்குற?"

"பாதி."

"பாதியா! கம்பெனிய இழுத்து மூடவா? பத்துல ஒண்ணு."

"பாதி மொதலாளி."

"எட்டுல ஒண்ணு. எல்லாருக்கும்."

சிவனாண்டி கடிகாரத்தை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான். அது விருதுக் கடிகாரம் என்பதால் ஓடவில்லை. மருது தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது ஓடிக்கொண்டிருந்தது. "டாக்டர், கால் பங்கு குடுத்து முடிங்க. திருமங்கலத்துல மாலை வாடிரும்."

"சரிய்யா, கால்!" என்று செல்வக்குமார் கத்தினார்.

"எழுதுங்க," என்றான் சிவனாண்டி.

சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, பன்னிரண்டு வருஷத்துக் காகிதத்தை வெளியே எடுத்தார்கள். பழைய வரிக்குக் கீழே செல்வக்குமார் தன் கையாலேயே எழுதினார்: "கூடும் டீசலில் கால் பங்கு ஓட்டுநருக்கு." கையெழுத்தில் டாக்டரைக்கூட விடவில்லை. முத்திரை குத்தி, தேதி போட்டு, திரும்பவும் கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

மருது உடனே மைக்கைக் கைப்பற்றினார். இந்தப் புரட்சிகரத் திட்டத்தைப் பல ஆண்டுகளாகத் தாம்தான் வலியுறுத்தி வருவதாகவும், அது இன்று மலர்ந்திருப்பதாகவும் அறிவித்தார். அதற்காக அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. சிவனாண்டி தன் பொன்னாடையால் முன்கண்ணாடித் தூசியைத் துடைத்தான். சரிகை கொஞ்சம் கீறினாலும் தூசி நன்றாகவே போனது. சாவியைத் திருப்பினான்.

ரிங் ரோட்டில் ஏறியதும் செல்லத்தாய் கூப்பிட்டாள்.

"என்னய்யா ஆச்சு?"

"கால்."

"பாதி கேட்டியா?"

"கேட்டேன்."

"எழுதி வாங்குனியா?"

"கண்ணாடி போட்டு."

"சரி, புள்ளைக்குப் போன் போட்டுச் சொல்றேன். பெட்டி கட்ட வேணாம்னு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திருச்சி ரோட்டில் காற்று எதிரே அடித்தது. பின்னால் பக்கீர் முகமது அதே வேகத்தில், ஹாரன் இல்லாமல் வந்துகொண்டிருந்தார். கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், இறக்கத்தில் முள் ஐம்பத்தாறைத் தொட்டது. போன் அடித்தது.

"ஸ்லோ டவுன் சார், சேவ் த..."

"நேசனை விடு தாயி," என்று காலைத் தூக்கினான் சிவனாண்டி. "நாலு லிட்டருக்கு ஒரு லிட்டரு என்னுது. நானே பாத்துக்குறேன்."

"சரிண்ணே. ஆனா அந்த முந்நூறு ரூவா ஃபைனு... சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."

"அது இருக்கட்டும். நின்னதுக்குக் குடுத்த வாடகை."